வெற்று அரியணையும் இரண்டு கடிகாரங்களும்

பெய்ஜிங் மாநகருக்குச் செல்லும் பயணிகளுள் அங்குள்ள பழைய அரண்மனையைக் காணாமல் திரும்புவோர் மிகச் சிலரே. 2019ஆம் ஆண்டில் மட்டும் 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அதன் வாயிலைக் கடந்தனர். இத்தனை பேர் வந்து போகும் இடத்துக்கு வழங்கிய பழம் பெயரோ 'விலக்கப்பட்ட நகர்' என்பதாகும். வானத்து விண்மீன்கள் யாவும் சுற்றிச் சுழலத் தான் மட்டும் நிலைபெயராது நிற்பது துருவ மீன். மண்ணுலகில் அவ்வாறு நிற்பவர் பேரரசர் என்பது சீனர் கொள்கை. ஆகவே அவர் வாழும் இடத்தைச் சுற்றி 10 மீட்டர் உயர மதிலும், 52 மீட்டர் அகல அகழியும் அமைத்து, அழைப்பின்றி எவரும் அணுகலாகாது என விலக்கி வைத்தனர். இன்று சீன மக்கள் அதனைக் 'கூகுங்' என்கின்றனர். 'பழைய அரண்மனை' என்பதே அச்சொல்லின் பொருள்.

பழைய தடை நீங்கிவிட்டது. அதனிடத்தில் நுழைவுச்சீட்டு வந்திருக்கிறது. நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று வரம்பு கட்டியிருப்பதால், கடவுச்சீட்டின் எண்ணைக் கொடுத்து முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளல் வேண்டும். விடுமுறை நாட்களில் வருகிற திங்கள் நீங்கலாக, மற்றத் திங்கட்கிழமைகளில் வாயில் திறப்பதில்லை. தெற்கிலிருந்து நுழைந்து வடக்கிலோ கிழக்கிலோ வெளியேற வேண்டும். எதிர்த்திசையில் நடக்க இயலாது. இந்த ஏற்பாட்டினால் ஒரு நன்மையும் உண்டு. பழங்காலத்துத் தூதரும் அமைச்சரும் எவ்வரிசையில் முற்றங்களைக் கண்டனரோ, அவ்வரிசையிலேயே நாமும் காண்கிறோம்.

தெற்கு வாயிலில் ஐந்து வழிகள் உள்ளன. நடுவழி பேரரசருக்கு மட்டுமே உரியது. பேரரசி தம் திருமண நாளில் ஒரே ஒருமுறை அதன் வழியே உள்ளே வரலாம். நாடளாவிய அரசுத் தேர்வில் முதல் மூன்று இடங்களைப் பெற்ற மாணவர், வாழ்நாளில் ஒருமுறை அதன் வழியே வெளியே நடந்து செல்லலாம். வேறு எந்தச் செல்வனுக்கும் தளபதிக்கும் கிடையாத அப்பேறு, படித்த ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் கிட்டக்கூடியதாக இருந்தது. பொதுத்தேர்வுக்குப் பிள்ளைகளை எழுப்பிவிடும் பெற்றோர் இதனை அவர்களுக்குச் சொல்லலாம்.

மிங் மரபின் மூன்றாம் பேரரசர் யுங்லோ 1406இல் இவ்வரண்மனையைக் கட்டத் தொடங்கி 1420இல் முடித்தார். நிலப்பரப்பு 72 ஹெக்டேர். அதன்பின் 1912 வரை 24 பேரரசர்கள், மிங் மரபில் 14 பேரும் மஞ்சு இனத்துச் சிங் மரபில் 10 பேருமாக, இங்கிருந்து ஆண்டனர். விண்ணுலக வேந்தனுக்குப் பத்தாயிரம் அறைகள். மண்ணுலக வேந்தன் அதற்கு அரை அறை குறைத்துக் கட்டிக்கொண்டான் என்று ஒரு கதை உண்டு. எண்ணிப் பார்த்தவர்கள் கண்டது 8,700க்குச் சற்று மேல். நான்கு தூண்களுக்கு இடைப்பட்ட வெளியை ஓர் அறை என எண்ணுவது சீனர் வழக்கம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இல்லையேல் அத்தனை கதவுகளைத் தேடிக் களைத்துப்போவோம்.

முன்முற்றத்தில் மரம் ஒன்றுகூட இல்லை. காரணம் பலவாறு சொல்லுவர், விளைவு ஒன்றே. பெருவெளியைக் கடந்து, மூன்றடுக்குச் சலவைக்கல் மேடையை நோக்கி நடக்கும் மனிதன் தன் சிறுமையைக் கால்களாலேயே உணர்ந்துகொள்கிறான். மேடைமீது நிற்பது பேரிணக்க மண்டபம். பேரரசரின் முடிசூட்டும் திருமணமும் அங்கேதான் அறிவிக்கப்பெற்றன. ஆயின் இத்தனை பெருமையும் மரத்தால் ஆனது. மரத்தை அஞ்சவைப்பது நெருப்பு. கட்டி முடித்த மறு ஆண்டே, 1421இல், மூன்று பெருமண்டபங்களும் மின்னல் தாக்கி எரிந்தன. மீண்டும் 1557இல் எரிந்தன, 1597இல் எரிந்தன. 1679இல் பேரிணக்க மண்டபம் மறுபடியும் எரிந்தது. இன்று நாம் காண்பது 1695க்கும் 1697க்கும் இடையே எழுப்பப்பட்டது.

நெருப்புக்கு அஞ்சி வைத்த பெரும் உலோகத் தொட்டிகள் முற்றந்தோறும் நிற்கின்றன. மொத்தம் 308. 'வாயிற்கடல்' என்பது அவற்றின் பெயர். பனிக்காலத்தில் நீர் உறைந்துபோகாதிருக்க மெத்தைத் துணி போர்த்தி, அடியில் கரியடுப்பு மூட்டுவார்களாம். தீயணைக்கும் நீரைக் காக்கத் தீ வளர்த்த விந்தையை என்னென்பது! பொன்முலாம் பூசிய தொட்டிகளில் சுரண்டிய கீறல்களைக் காணலாம். 1900இல் நகருள் புகுந்த வெளிநாட்டுப் படையினர் கத்தியால் பொன்னைச் சுரண்டினர் என்று அங்கே சொல்கிறார்கள். அந்நாட்களில் எட்டு நாட்டுப் படைகள் பெய்ஜிங்கில் இருந்தன. ஆங்கிலேயர் கொணர்ந்த படையில் இந்திய வீரர்களே மிகுதி என்பதையும் நாம் மறக்கலாகாது.

மூன்றாம் மண்டபத்துக்குப் பின்னால், படிகளின் நடுவே, முகிலும் நாகமும் செதுக்கிய ஒரே கல் சரிந்து கிடக்கிறது. நீளம் 16 மீட்டருக்கு மேல். எடை 200 டன்னுக்கு மேல். கற்சுரங்கமோ ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில். எவ்வாறு கொணர்ந்தனர்? குளிர்காலம் வரும்வரை காத்திருந்து, வழிநெடுகக் கிணறுகள் வெட்டி, நீரைப் பாதையில் ஊற்றி உறையவிட்டு, அந்தப் பனிக்கட்டிச் சாலைமேல் இழுத்து வந்தனர். 1557இல் 123 டன் எடையுள்ள வேறொரு கல்லை 28 நாட்களில் இழுத்து வந்ததற்குப் பழைய ஆவணம் இருக்கிறது. சக்கரத்தைவிடப் பனிக்கட்டி மேல் என்று கண்ட அந்த வேலைக்காரரின் அறிவுக்கு, மேலேயுள்ள நாகங்களைக் காட்டிலும் நாம் கூடுதலாகத் தலை வணங்குவோம்.

பேரிணக்க மண்டபத்தின் வாயிலில் எந்நேரமும் நெருக்கடிதான். உள்ளே செல்ல விடுவதில்லை. தடுப்புக்கு அப்பால் நின்று, கைப்பேசியைத் தலைக்குமேல் உயர்த்தி, இருட்டுக்குள் பொன்னிறமாய் மின்னும் அரியணையைப் படமெடுக்கிறார்கள். நாமும் எட்டிப் பார்த்தோம். வெற்று நாற்காலி. அதனைக் காணவா இத்தனை தூரம் என்று ஓர் அம்மையார் பக்கத்தில் சலித்துக்கொண்டது மொழி புரியாமலே நமக்குப் புரிந்தது. ஆயினும் இந்த அரண்மனையில் வெற்று அரியணை ஒரு புதுமையன்று. ஆள் இல்லாத அரியணையை நெற்றி நிலந்தோய வணங்கிய ஒரு குருவானவரின் வரலாறு இங்கு உண்டு.

அவர் மாத்தேயு ரிச்சி. இத்தாலி நாட்டில் 1552இல் பிறந்து, சேசு சபையில் சேர்ந்து, 1578இல் கோவாவில் வந்து இறங்கியவர். நமக்கு அருகிலுள்ள கொச்சியில்தான் 1580இல் அவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பெற்றது. பிறகு மக்காவ் சென்று சீன மொழியைக் கசடறக் கற்றார். தென் சீனத்தில் தங்கி, சீன அறிஞரின் உடை உடுத்து, அவர்தம் நூல்களை ஓதி, தலைநகருக்குள் நுழைய ஏறத்தாழ 18 ஆண்டுகள் காத்திருந்தார். 1606இல் மதுரைக்கு வந்து தத்துவ போதகர் எனப் பெயர் பெற்ற இராபர்ட் தே நொபிலி மேற்கொண்டதும் இத்தகைய வழியே என்பதை நம் வாசகர் அறிவர்.

1601 ஜனவரியில் ரிச்சி பெய்ஜிங்குக்குள் அனுமதிக்கப்பெற்றார். அப்போது அரண்மனையின் முப்பெரும் மண்டபங்களும் 1597ஆம் ஆண்டுத் தீயில் கருகிக் கிடந்தன. இன்று வழிகாட்டி காட்டும் மண்டபத்தில் அவரை நிறுத்திக் கற்பனை செய்வது பொருந்தாது. அவர் கொணர்ந்த காணிக்கைகளுள் ஆண்டவருடைய படமும் தேவமாதாவின் படங்களும் இருந்தன. மீட்டும் இசைப்பெட்டி ஒன்று இருந்தது. அரசரின் மனத்தைப் பறித்தவை இரண்டு கடிகாரங்கள். ஒன்று எடைக்குண்டுகளால் ஓடும் பெரியது; மற்றொன்று வில்விசையால் ஓடும் சிறியது. தாமாக மணியடிக்கும் பொறிகளை அவ்வரண்மனை அதுவரை கண்டதில்லை.

பேரரசர் வான்லியோ அமைச்சர்களுக்கே முகம் காட்டாத மனிதர். 48 ஆண்டுகள் ஆண்ட அவர், பல ஆண்டுக்காலம் அரசவைக்கு வருவதையே நிறுத்திவிட்டிருந்தார். அண்ணகர்கள் நால்வரை அனுப்பி, கடிகாரத்தை ஓட்டும் வித்தையை மூன்று நாட்களில் கற்றுக்கொண்டு வருமாறு கட்டளையிட்டார். தவறினால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சிய அவர்கள் ஒவ்வொரு திருகாணியின் பெயரையும் எழுதி வைத்துப் படித்தார்களாம். பெரிய கடிகாரத்தின் எடைக்குண்டுகள் இறங்க இடம் வேண்டுமே! அதற்கென்று தனி மரக்கோபுரமே எழுப்பப்பட்டது. சிறியதைப் பேரரசர் தம் அருகிலேயே வைத்துக்கொண்டார். அதைக் கேள்விப்பட்ட தாயார் பார்க்க விரும்பி ஆளனுப்பினார். அம்மாவுக்குப் பிடித்துவிட்டால் திரும்பி வராதே என்று அஞ்சிய மகன், விசை கொடுக்காமல் அனுப்பும்படி இரகசியமாகச் சொல்லிவிட்டார். மணி அடிக்காத பெட்டியைத் தாயார் திருப்பி அனுப்பினார். இதனை எழுதி வைத்திருப்பவர் ரிச்சியே. விண்ணின் மைந்தனும் வீட்டில் ஒரு பிள்ளைதான்!

கடிகாரத்தை இத்துணை நேசித்தவர் அதைக் கொணர்ந்தவரைக் காண மட்டும் வரவில்லை. ஓவியரை அனுப்பி, ரிச்சியையும் அவருடன் வந்த பந்தோகா என்னும் குருவையும் முழு உருவமாக வரைந்து வரச்செய்து, படத்தைப் பார்த்து நிறைவடைந்தார். குருக்களோ வைகறையில் அரண்மனைக்குச் சென்று, அமர்வார் இல்லாத அரியணையை முறைப்படி வணங்கித் திரும்பினர். ஆயினும் கடிகாரம் பழுதாகும் பொருளாயிற்றே. அதனைச் செப்பம் செய்ய ஆண்டுக்கு நான்கு முறை உள்ளே செல்லும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. போதகம் செய்ய வந்தவருக்குப் பொறி பழுதுபார்ப்பவர் என்ற பெயரில் வாயில் திறந்தது. ஷாங்காய் நகரத்துக் கடிகாரத் தொழிலாளர்கள் பிற்காலத்தில் ரிச்சியைத் தம் தொழிலின் காவல் தெய்வமாகவே வைத்துப் போற்றினர் என்பது இன்னொரு விந்தை.

ஆகவே, அரண்மனைக்குச் செல்லும் நம் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரும்பான்மைப் பயணிகள் நடுவழியே நேராக நடந்து, வடக்கு வாயிலில் வெளியேறி, இரண்டு மணி நேரத்தில் கடமையை முடித்துக்கொள்கிறார்கள். நம் கருத்தில் அவர்கள் கண்டது கூரையை, வீட்டையன்று. பக்கவாட்டில் திரும்புங்கள். தனிக் கட்டணம் செலுத்திக் கடிகாரக் கூடத்தைப் பாருங்கள். பிற்காலத்துப் பேரரசர்கள் சேர்த்தவை அங்கே நிரம்பியிருக்கின்றன. இலண்டனில் செய்த ஒரு கடிகாரத்தில், ஐரோப்பிய உடை அணிந்த சிறு பொம்மை ஒன்று தூரிகை பிடித்து எட்டுச் சீன எழுத்துகளை எழுதும். எண்டிசையும் ஒன்பது நிலமும் பேரரசரைப் பணிய வருகின்றன என்பது அந்த எழுத்துகளின் கருத்து. வாங்குபவரின் மனத்தை அறிந்த வணிகர்கள்!

மேற்கே திரும்பினால் மனவளர்ச்சி மண்டபம் என்னும் தாழ்ந்த கட்டடம். பின்னாளைய பேரரசர்கள் உண்மையில் உறங்கியதும் உழைத்ததும் அங்கேதான். அதனுள் ஒரு படிப்பறை நம் வீட்டுச் சமையலறை அளவே இருக்கும். புகைபோக்கி இல்லாத இவ்வீடுகளில், தரைக்கடியில் வழி அமைத்துக் கரி மூட்டித் தரையையே சூடாக்கினர். உயரமான நிலைப்படிகளை மிதிக்காமல் தாண்ட வேண்டும் என்பது நம் வீடுகளில் போலவே அங்கும் வழக்கம். மூன்று வயது நிரம்பாமலே 1908இல் அரியணை ஏறிய கடைசிப் பேரரசர் பூயி, இளைஞரானபின் மிதிவண்டி ஓட்ட ஆசைப்பட்டு, தம் முன்னோர் தாண்டிய நிலைப்படிகளை அறுத்தெறியச் செய்தார்.

இந்த மனவளர்ச்சி மண்டபத்தில்தான் 1690இல் பேரரசர் காங்சி கணக்குப் படித்தார். ஆசிரியர்கள் சேசு சபைக் குருக்களான ஜெர்பிலியோனும் பூவேயும். அதற்கு முன்பே ஒரு நீண்ட வரலாறு உண்டு. காங்சியின் தந்தையார் ஷுன்சி, வானநூல் துறைத் தலைவராயிருந்த ஆதாம் ஷால் குருவைத் 'தாத்தா' என்று அழைத்தவர். 1656, 1657 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அவர் இல்லத்துக்கு 24 முறை சென்றவர். அப்பேரரசர் பெரியம்மையால் இறந்ததும் காற்றுத் திசை மாறிற்று. பொய்க் குற்றச்சாட்டின் பேரில் 1665இல் முதிய ஷாலுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அச்சமயம் நில அதிர்ச்சி ஏற்படவே அரசவை அஞ்சி அவரை விடுவித்தது. மறு ஆண்டு அவர் காலமானார். அவருடன் பணிபுரிந்த சீனக் கிறிஸ்தவ வானநூலார் ஐவரை எந்த அதிர்ச்சியும் காப்பாற்றவில்லை. அவர்கள் தலை வெட்டப்பட்டனர். அரசரின் அன்பைப் பெற்றவர் வெளிநாட்டார். விலையின் பெரும் பகுதியைக் கொடுத்தவர் உள்நாட்டார். இதனைப் பிற்காலத்திலும் மீண்டும் மீண்டும் காண்கிறோம்.

1668 டிசம்பரில், இளம் பேரரசர் காங்சியின் ஆணைப்படி, நண்பகலில் ஒரு கம்பத்தின் நிழல் எதுவரை விழும் என்று முன்னறிவிக்கும் போட்டி நடந்தது. மூன்று நாளும் வெர்பீஸ்ட் குரு சொன்ன இடத்திலேயே நிழல் விழுந்தது. ஷாலின் பெயர் பழி நீங்கியது. வெர்பீஸ்ட் வார்ப்பித்த வெண்கலக் கருவிகள் நகரின் கிழக்கே பழைய வானாய்வு மேடைமீது இன்றும் நிற்கின்றன. அரண்மனைக் கூட்டத்தில் நொந்தவர்களுக்கு அந்த மேடை நல்ல இளைப்பாறும் இடம்.

இனி நாம் சொல்லவிருப்பது தமிழ்நாட்டுக் கரையோடு தொடர்புடையது. 1693இல் காங்சிக்குக் கடும் முறைக்காய்ச்சல் கண்டது. அரண்மனை மருத்துவம் பலிக்கவில்லை. அவ்வேளையில் பொந்தனே, விதெலூ என்னும் பிரெஞ்சுக் குருக்கள் இருவர் ஒரு பவுண்டு சின்கோனாப் பட்டையோடு வந்து சேர்ந்தனர். நம் பாட்டிமார் கொய்னா என்று முகம் சுளித்து விழுங்கிய மருந்தின் மூலப்பொருள் அதுவே. அந்தப் பட்டையை அவர்களுக்கு அனுப்பி வைத்தவர் புதுச்சேரியிலிருந்த தொலு என்னும் சேசு சபைக் குரு! முதலில் காய்ச்சல்காரர் மூவருக்குக் கொடுத்துப் பார்த்தனர். பிறகு பெரும் அதிகாரிகள் நால்வர் தாங்களே குடித்துப் பார்த்தனர். எவருக்கும் தீங்கில்லை என்று கண்ட பின்னரே பேரரசர் அருந்தினார், நலம் பெற்றார். நன்றிக்கடனாக அரண்மனையை அடுத்த அரச நகருக்குள்ளேயே குருக்களுக்கு ஒரு வீடும் பின்னர்க் கோவில் கட்ட இடமும் அளித்தார். 1703இல் அங்கே திறக்கப்பட்டதுதான் வடகோவில்.

அதே 1703ஆம் ஆண்டு நவம்பரில் வேறொருவர் புதுச்சேரியில் வந்து இறங்கினார். பாப்பரசரின் தூதர் தூர்னோன். நம் முன்னோர்களான தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே வழங்கிய தாலியின் வடிவம், ஞானஸ்நானத்தில் உமிழ்நீர்ச் சடங்கை விட்டுவிடுதல் போன்றவற்றை ஆராய்ந்து, 1704இல் அவற்றைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். மலபார் சடங்குகள் என்று வரலாற்றில் பேசப்படும் வழக்கு அது. பின்னர்க் கப்பலேறிச் சீனம் சென்று, 1705 டிசம்பர் 31ஆம் நாள் காங்சியைச் சந்தித்தார். பேரரசர் அன்போடுதான் வரவேற்றார். ஆயின் அங்கும் அதே கேள்வி. இறந்த பெற்றோரின் பெயர்ப் பலகைக்கு முன் ஊதுவத்தி ஏற்றி வணங்குவது பிள்ளையின் நன்றியா, தெய்வ வழிபாடா? நன்றிதான் என்றார் ரிச்சி. வழிபாடே என்றனர் பிற சபையாருள் பலர். சீனரின் பொருளைச் சீன மொழி அறியாதவர் தீர்மானிப்பதா என்று காங்சி சினந்தார். ரிச்சியின் வழியை ஏற்போர் மட்டும் தங்கலாம் என்று ஆணையிட்டார். தூர்னோன் மக்காவில் காவலில் வைக்கப்பட்டு, கர்தினாலாக உயர்த்தப்பட்ட நிலையில், 1710இல் அங்கேயே இறந்தார். 1715இல் பாப்பரசர் பதினோராம் கிளமெந்து அச்சடங்குகளை மீண்டும் விலக்கினார். 1724இல் பேரரசர் யுங்செங் கிறிஸ்தவ மறையையே விலக்கினார்.

இருதரப்பிலும் நல்ல மனத்தோர் இருந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் நம் கருத்தை மறைப்பானேன்? புதுச்சேரியில் சில மாதமும் பெய்ஜிங்கில் சில மாதமும் தங்கிய ஒருவர், ஆயிரமாயிரம் குடும்பங்களின் திருமண வீட்டையும் சாவு வீட்டையும் பற்றித் தீர்ப்பளித்தது அவசரம் என்றே தோன்றுகிறது. 1939இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் காலத்தில் சீனச் சடங்குகள் மீதிருந்த தடை தளர்த்தப்பட்டது. மறு ஆண்டு மலபார்ச் சடங்குகள் பற்றிய பிரமாணமும் நீக்கப்பட்டது. அதற்குள் பல தலைமுறைகள் மறைந்திருந்தன.

மறை விலக்கப்பட்ட பின்னும் அரண்மனையில் சில குருக்களும் சகோதரர்களும் தங்கியிருக்க அனுமதிக்கப்பட்டனர். அவர்களின் கைத்திறன் தேவைப்பட்டது. அவர்களுள் மிலான் நகரத்து யோசேப்பு காஸ்திலியோனே என்னும் சகோதரர் 1715இல் வந்தவர். 1766இல் இறக்கும்வரை மூன்று பேரரசர்களுக்கு ஓவியராயிருந்தவர். முகத்தில் நிழல் விழுந்தால் அழுக்கு என்று கருதும் அரசருக்காக, தாம் கற்ற கலையின் பாதியை மறந்து, பட்டுத்துணிமேல் சீன வண்ணத்தில் வரையக் கற்றார். அவருடைய புகழ்பெற்ற நூறு குதிரைகள் ஓவியத்தை அரண்மனையில் தேடினால் கிடைக்காது. ஜப்பானியர் படையெடுப்புக்கு அஞ்சி 1933இல் 13,000க்கும் மேற்பட்ட பெட்டிகளில் அரண்மனைச் செல்வங்கள் தெற்கே கொண்டுசெல்லப்பட்டன. அவற்றுள் 2,972 பெட்டிகள் உள்நாட்டுப் போரின் முடிவில் தைவான் சென்றன. அந்த ஓவியம் தைப்பே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.

1736இல் பேரரசர் சியன்லுங் வழக்கம்போல் ஓவியம் வரைவதைக் காண வந்தார். காஸ்திலியோனே தூரிகையை வைத்துவிட்டு முழந்தாளிட்டு, கண்ணீரோடு, கிறிஸ்தவர்களைத் துன்புறுத்த வேண்டாம் என்ற விண்ணப்பத்தை நீட்டினார். பேரரசர் வாங்கிக்கொண்டார். உங்கள் மதத்தை நான் கண்டிக்கவில்லை, என் மஞ்சுப் படைக்குடியினர் அதில் சேரலாகாது என்றுதான் தடுத்தேன் என்னும் பொருள்பட ஆறுதல் கூறினார், வரையும்படி சொன்னார். அவரும் வரைந்தார். 1747இல் பூக்கியன் மாநிலத்தில் ஆயர் பேதுரு சான்ஸ் தலை வெட்டுண்டு வேதசாட்சியாக மரித்தபோதும் காஸ்திலியோனே அரண்மனையில் வரைந்துகொண்டுதான் இருந்தார். இதனைக் கோழைத்தனம் என்பாரும் உளர். நாம் அவ்வாறு சொல்லத் துணியோம். அவர் எழுந்து போயிருந்தால் பெய்ஜிங்கில் எஞ்சியிருந்த கோவில்களும் மூடப்பட்டிருக்கலாம். ஐம்பது ஆண்டுகள் ஒரு மனிதரின் முகக்குறிப்பை நோக்கி அமர்ந்திருப்பது எத்தகைய தவம் என்பதை, குடும்பத்துக்காக ஒரு முதலாளியிடம் வாழ்நாளைக் கழித்தவர்கள் அறிவார்கள்.

அரசரின் கொடை எத்தனை நாள் நிலைக்கும் என்பதற்கு வடகோவிலே சான்று. காங்சி அளித்த இடத்தை, தம் பூங்காவை விரிவாக்க வேண்டுமென்று, 1887இல் ராஜமாதா சிசியின் அரசவை திரும்ப எடுத்துக்கொண்டு மாற்றிடம் தந்தது. அம்மாற்றிடத்தில் எழுந்த கோவிலில்தான் இன்றும் திருப்பலி நடைபெறுகிறது. 1900ஆம் ஆண்டு வேதகலாபனையில் ஆயிரக்கணக்கான சீனக் கத்தோலிக்கர் அதனுள் இரண்டு மாதம் முற்றுகையில் இருந்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் வெளிநாட்டுப் படைகள் நெருங்கியபோது, ராஜமாதா வேடம் மாறித் தப்பியோடினார். புறப்படுமுன் பேரரசரின் அன்புக்குரிய சென் என்னும் இளந்தேவியைக் கிணற்றில் தள்ளச் செய்தார் என்பது வழிவழிச் செய்தி. வடகிழக்கு மூலையில் அக்கிணறு உள்ளது. இத்தனை சிறு வாயில் ஓர் உயிரை விழுங்கிற்றா என்று எவரும் வியப்பர்.

1912 பிப்ரவரி 12இல் பூயி முடிதுறந்தார். 1924 நவம்பரில் அரண்மனையை விட்டே வெளியேற்றப்பட்டார். மறு ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

வடக்கு வாயிலுக்கு எதிரே ஒரு குன்று. அகழி தோண்டிய மண்ணால் ஆனது. மிங் மரபின் கடைசிப் பேரரசர் 1644இல் அங்கே தூக்கிட்டு மாய்ந்தார். மூட்டுவலி இல்லாதோர் ஏறிப் பார்த்தால் மஞ்சள் கூரைகள் முழுவதும் கண்ணில் படும். ஓரிடத்தில் மட்டும் கரிய ஓடு. அது நூலகம். கருமை நீரின் நிறம், நெருப்பு அண்டாது என்ற நம்பிக்கை.

ரிச்சி 1610 மே 11இல் பெய்ஜிங்கில் காலமானார். ஒருபோதும் அவரைக் காணாத வான்லி, அவரைப் புதைக்க நகரின் மேற்கே நிலம் அளித்தார். அயல்நாட்டார்க்கு அது அரிய சிறப்பு. அக்கல்லறைகள் 1900இல் தகர்க்கப்பட்டன. பண்பாட்டுப் புரட்சியின்போது மண்ணுக்குள் மறைக்கப்பட்டன. 1979 முதல் மீண்டும் எழுப்பப்பட்டன. இப்போது அவை அரசு அலுவலர் பயிலும் ஒரு கல்லூரியின் வளாகத்துக்குள் உள்ளன. நினைத்தவுடன் உள்ளே செல்ல இயலாது. முன்னரே அனுமதி பெற வேண்டும். ரிச்சி, ஷால், வெர்பீஸ்ட் மூவரின் கற்களும் சேர்ந்து நிற்கின்றன. காஸ்திலியோனேயின் கல்லும் அங்கு உண்டு. ரிச்சியைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2022 டிசம்பரில் வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார். அவர் கல்லில் சீனத்திலும் லத்தீனிலும் பொறித்திருக்கிறார்கள்: பிறந்த நாடு, சபையில் வாழ்ந்த 42 ஆண்டுகள், இறந்த ஆண்டு. கடிகாரத்தைப் பற்றியோ அரண்மனையைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை.